பொடிச் சர்க்கரையும் என் நாக்கும்

18.8.2008, திங்கள்

நாற்பது மூட்டை திரும்பி வந்துவிட்டது. சோழவரத்துக்கு அப்பால் இருக்கிற பிஸ்கட் கம்பெனிக்கு நாங்கள் அனுப்பிய பொடிச் சர்க்கரை. க்ரீம் பிஸ்கட்டைக் கடித்தால் பல்லில் நறநறக்கிறதாம். 'துகள் அளவு ஏற்கத்தக்கதாக இல்லை' என்று கடிதத்தில் கௌரவமாக எழுதியிருந்தார்கள். போனில் அவ்வளவு கௌரவம் இல்லை.

முதலாளி ராஜமாணிக்கம் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னா பாய், உன் நாக்குக்கு இன்னா வந்துச்சு?"

நியாயமான கேள்விதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்குகிறவர்களுக்கு நடுவே நாங்கள் சர்க்கரை அரைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் தரம் பார்க்கிற சூப்பர்வைசர் நான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, மூன்றாம் வகுப்பு. அரைத்த பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்துவேன். வழுக்கினால் லோடு போகும், உறுத்தினால் திரும்ப மில்லுக்குப் போகும். பரிசோதனைச் சல்லடை ஒன்று முன்பு இருந்தது. அது கிழிந்தபோது புதிது வாங்கலாமா என்று முதலாளி கேட்டார். "எதுக்கு சார், நாக்கு இருக்குதே" என்று சொன்ன மேதை நான்தான்.

அந்த லோடு போன அன்று காலை, ரயில் வந்துவிட்ட அவசரத்தில், பொன்னேரி ஸ்டேஷனில் கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றிக்கொண்டு நாக்கைச் சுட்டுக்கொண்டேன். வாயில் போட்டது சர்க்கரையா சாம்பலா என்றே தெரியவில்லை. 'சரி' என்று எழுதினேன். இதை முதலாளியிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுவதோடு சரி.

"இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா அவன் வேற மில்லுக்குப் பூடுவான் பாய். அப்பறம் நான் கதவ சாத்திக்கினு போறேன். நீ பழவேற்காட்டுக்குப் போயி உங்க அண்ணன் கடையில எறா எட போடு."

அண்ணன் யாசர் இருபது வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

20.8.2008

பத்திலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் இல்லை. எல்லோரும் உட்கார்ந்து எறும்பு விரட்டினோம். சர்க்கரை மில்லில் முதலாளிக்கு அடுத்த பங்குதாரர் எறும்புதான். பேக்கிங் அறையைப் பார்த்துக்கொள்கிற அஞ்சம்மாள் மட்டும் நிம்மதியாக இருந்தார். மேசைக் கால், பலகைக் கால் எல்லாவற்றுக்கும் அடியில் பழைய பெயின்ட் டப்பா மூடியில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார். பதினோரு வருடமாக அங்கே எறும்பு ஏறியதில்லை.

29.8.2008, வெள்ளி

செவ்வாய்க்கிழமை முதல் நோன்பாக இருக்கும் என்கிறார்கள். எனக்கு வேறு கவலை. நோன்பு வைத்துக்கொண்டு சர்க்கரையை எப்படி நாக்கில் வைப்பது?

போன வருடமெல்லாம் சமாளித்தேன். காலையில் அரைத்ததை மாலை நோன்பு திறந்த பிறகு பார்த்து மறுநாள் அனுப்பினேன். இந்த வருடம் கரண்ட் இருக்கிற நேரத்தில் அரைத்து அப்போதே மூட்டை கட்டி ஏற்றினால்தான் உண்டு.

ஜபீன் சொன்னாள்: "சமைக்கிறவங்க நாக்கு நுனியில வச்சுப் பாத்துட்டுத் துப்பிடலாம்னு எங்க வாப்பா சொல்லுவாங்க. நீங்களும் பாத்துட்டுத் துப்புங்களேன்."

சர்க்கரையை நான் துப்புவேனா? கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாகியும் என் மனைவிக்கு என்மேல் இவ்வளவு நம்பிக்கை. எனக்கு இல்லை.

மில் ஓட்டுகிற குணா வேறொன்று சொன்னான். "அஞ்சம்மாக்காவ பாக்கச் சொல்லு பாய். அதுக்கு நாக்கு நல்ல நாக்கு. கொயம்புல உப்பு ஒரு கல்லு கொறைஞ்சாலும் சொல்லிடும்."

சிரித்து ஒதுக்கிவிட்டேன். படித்தவன் நாக்கும் பேக்கிங் அறை நாக்கும் ஒன்றா?

1.9.2008, திங்கள்

வழி கண்டுபிடித்துவிட்டேன். மில்லுக்குள் இருக்கிற சல்லடையை மாற்றி, இன்னும் சன்னக் கண் உள்ளதைப் போடப் போகிறேன். பவுடர் மாதிரி விழுந்தால் நறநறப்புக்கு வழியே இல்லை. நாக்கே வேண்டாம். முதலாளியும் சரி என்றார். என்னை நானே முதுகில் தட்டிக்கொடுத்தேன். வேறு யாரும் தட்டவில்லை.

2.9.2008

முதல் நோன்பு. புதுச் சல்லடை. பொடி முகத்துக்குப் பூசலாம்போல விழுகிறது. கையில் எடுத்துத் தேய்த்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

குணா மட்டும் முணுமுணுத்தான். "பாய், கீழ எறங்க மாட்டேங்குது. செவுத்துல ஒட்டிக்கினு நிக்குது. சுத்தியால தட்டிக்கினே இருக்கேன். அதுவும் சூடா வேற வருது."

"நைஸ்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

நைஸ் என்றால் ஏன் அப்படி இருக்கும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

6.9.2008

கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால், பொடியை ஆறவிடாமல் சூட்டோடு மூட்டை கட்டச் சொன்னேன். அஞ்சம்மாள், "சூடா கீது பாய், கட்டலாமா?" என்று கேட்டார். "கட்டு கட்டு" என்றேன். நோன்பு நேரத்தில் எனக்குக் கேள்வி பிடிக்காது.

11.9.2008, வியாழன்

நூற்றிருபது மூட்டை அனுப்பினோம். நூற்றிருபதும் திரும்பி வந்தது. இந்த முறை நறநறப்பு இல்லை. பாறை!

குணா ஒரு மூட்டையை ஓங்கித் தட்டினான். டங் என்றது. கிழித்துப் பார்த்தால் உள்ளே சர்க்கரை மூட்டையின் அச்சிலேயே ஒரே கட்டியாக நிற்கிறது. எங்கள் கிடங்கில் மிச்சமிருந்த அறுபதும் அப்படியே. 'நீங்கள் சர்க்கரை சப்ளை செய்கிறீர்களா, கருங்கல் ஜல்லியா?' — இதை எழுத்திலேயே கேட்டிருந்தார்கள்.

ஜபீனுக்கு போன் செய்து, "எல்லாம் கட்டிக்கிச்சு ஜபீன்" என்றேன். அவள், "யாரு, குணாவா? பொண்ணு எந்த ஊரு?" என்றாள். அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

12.9.2008, வெள்ளி

அப்போதுதான் அரைத்து விழுந்த பொடியை ஈரம் பார்க்கிற மெஷினில் வைத்தேன். வழக்கமான அளவுதான். அரைக்கும்போது ஈரம் இல்லையென்றால் பிறகு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் — என் மூன்றாம் வகுப்பு மூளை இவ்வளவு தூரம் வந்து நின்றது. அப்போது முதலாளி பேக்கிங் அறைக்குள் போனார். பெயின்ட் மூடிகளைப் பார்த்தார்.

"இது இன்னா பாய், ரூமு பூரா தண்ணி?"

நான் அங்கே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "அதான் சார் காரணம்" என்றேன்.

பிஸ்கட் கம்பெனி அறிக்கை கேட்டிருந்தது. மூன்று கட்டம். காரணம்: பேக்கிங் அறையில் தண்ணீர் தேக்கிவைத்ததால் ஏற்பட்ட ஈரம். பொறுப்பு: சி. அஞ்சம்மாள், பேக்கிங். நடவடிக்கை: பணிநீக்கம். கீழே என் கையெழுத்து. அதை மட்டும் அழகாகப் போட்டிருந்தேன்.

13.9.2008, சனி

நூற்றெண்பது மூட்டையையும் கட்டையால் உடைத்துத் திரும்ப அரைக்க வேண்டும். அதுவரை அஞ்சம்மாள் இருக்கலாம், கடைசி மூட்டை உடைந்ததும் போய்விட வேண்டும் என்று முதலாளி உத்தரவு. உத்தரவைப் போய்ச் சொன்னவன் நான்.

அந்தம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மரக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"பதினோரு வர்சமா தண்ணி வச்சினு கீறேன் பாய். மழையிலயும் வச்சேன், புயல்லயும் வச்சேன். இந்த மாசந்தான் அதுக்குக் கட்டி தட்டத் தெரிஞ்சுதா?"

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன். ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தக் கேள்வி பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம். மகள் நர்சிங் படிக்கிறாள் என்று எப்போதோ சொன்னார். இதெல்லாம் கையெழுத்துப் போடுமுன் ஏன் ஞாபகம் வரவில்லை?

16.9.2008, செவ்வாய்

நோன்பு திறக்க ஜபீன் சமோசா போட்டாள். மைதாவைச் சல்லடையில் போட்டுத் தட்டோ தட்டென்று தட்டிக்கொண்டிருந்தாள். கட்டி கட்டியாக நின்றது.

"ரவைய இப்படித் தட்ட வேணாமே" என்றேன், சும்மா பேச்சுக்கு.

"ரவை எங்கங்க கட்டி புடிக்கும்? அது பாட்டுக்கு உருண்டு ஓடும். மைதாதான் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கினு நிக்கும். ரெண்டும் ஒரே அலமாரிதான், ஒரே ஈரந்தான்."

அவள் கையிலிருந்த சல்லடையை வாங்கி நானும் ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன்.

ஒரே அலமாரி. ஒரே ஈரம். ஒன்று உருளுகிறது, ஒன்று ஒட்டுகிறது. வித்தியாசம் நைஸ் மட்டும்தான்.

யா அல்லாஹ். சல்லடையை மாற்றியது யார்?

17.9.2008

குணாவை மட்டும் கூட்டிக்கொண்டு ஒரு சோதனை. பழைய சல்லடையில் கொஞ்சம், புதுச் சல்லடையில் கொஞ்சம். இரண்டையும் சூட்டோடு பையில் கட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மூட்டை பாரம். என் அறையிலேயே வைத்துப் பூட்டினேன். என் அறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. எனக்கே குடிக்கத் தடை.

18.9.2008, வியாழன்

பழையது கொஞ்சம் கட்டிபோல இருந்தது, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. புதியது உதிரவே இல்லை. மேசையில் தட்டினேன், மேசையில் கீறல் விழுந்தது.

கல்லூரிப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன். இருபத்தைந்து வருடம் தாமதமாகப் படிக்கிறேன். எனக்குப் புரிந்தவரை இதுதான்: எந்தப் பொடிக்கும் பக்கத்துப் பொடியோடு ஒட்டிக்கொள்ளும் ஆசை உண்டு. குருணை பெரியதாக இருந்தால் அதன் கனமே அதைப் பிய்த்துக் கீழே உருட்டிவிடும். அரைக்க அரைக்கக் கனம் வேகமாகக் குறைகிறது, ஒட்டுகிற ஆசை அந்த வேகத்தில் குறைவதில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் ஒட்டுவதே ஜெயிக்கிறது. அதோடு, ஒரு குருணையை ஆயிரமாக உடைத்தால் ஈரம் குடிக்க ஆயிரம் தோல். சர்க்கரை காற்றிலிருந்தே ஈரத்தைக் குடிக்கும். அது குருணைகளின் நடுவே பாகாக நின்று, காய்ந்து, இரண்டையும் பற்றவைத்துவிடும். சூட்டோடு கட்டினால் ஆறும்போது மூட்டை உள்ளுக்குள்ளேயே வியர்க்கும். மேலே இன்னும் பத்து மூட்டை அடுக்கினால் கேட்கவே வேண்டாம்.

சன்னச் சல்லடை போட்டவன் நான். சூட்டோடு கட்டு என்றவன் நான். உயர அடுக்கு என்றவனும் நான்தான், இடம் இல்லை என்று. மெஷின் ஈரம் சரியென்றுதான் காட்டியது. அது பொய் சொல்லவில்லை. பொய் சொன்ன ஒரே கருவி நான்.

19.9.2008

இன்று சொல்லவில்லை. முதலாளி வெளியூர்.

20.9.2008

முதலாளி வந்துவிட்டார். இன்றும் சொல்லவில்லை. கோபமாக இருந்தார். சிரித்துக்கொண்டிருந்தால் அவர் சந்தோஷத்தை ஏன் கெடுப்பது என்று சொல்லாமல் இருந்திருப்பேன்.

உடைக்க இன்னும் எழுபது மூட்டை.

22.9.2008, திங்கள்

முப்பத்தைந்து மூட்டை. அஞ்சம்மாள் வேகமாக உடைக்கிறார். மெதுவாக உடைக்கக் கூடாதா? தன் வேலையைத் தானே கட்டையால் அடித்து முடிப்பதுபோல இருக்கிறது. ஒவ்வொரு அடியும் என் அறைக்குக் கேட்கிறது.

நோன்பு வைத்திருக்கிறேனாம். இன்னா நோன்பு இது? சர்க்கரை ஒரு சிட்டிகை உள்ளே போகக் கூடாதென்று இவ்வளவு ஜாக்கிரதை. வாயிலிருந்து ஒரு பொய் வெளியே போய் ஒரு பொம்பளையின் சோத்துல விழுந்திருக்கு, அதைக் கேட்க நாதியில்லை. வெறும் பட்டினிதான் கிடக்கிறேன் நான். த்தூ.

23.9.2008, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

இரண்டு பையையும் முதலாளி மேசைமேல் வைத்தேன். உதிர்ந்ததையும் உதிராததையும் காட்டினேன். சுட்ட நாக்கிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் தலையைக் குறிபார்க்கிறார் என்று நினைத்தேன்.

"நாக்கு சரியில்லன்னா, அத சொல்றதுக்காச்சும் அந்த நாக்க யூஸ் பண்ணியிருக்கலாமே பாய்."

பிறகு அவரே வழி சொன்னார். "சரி வுடு. மழைன்னு எழுதி வேற பேப்பர் அனுப்பு. அந்தம்மாவும் தப்பிச்சுக்கும், நீயும் தப்பிச்சுக்குவ. மழைய எவன் வேலைய வுட்டுத் தூக்குவான்?"

என்ன நல்ல மனுஷன்! ஓடிப்போய் அஞ்சம்மாளிடம் சொன்னேன் — தவறு என்னுடையது, வேலை போகாது, மழை என்று எழுதிவிடுகிறோம். மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.

அந்தம்மா கட்டையைக் கீழே வைத்தார்.

"என் பேரு போட்ட காயிதம் அவங்க கையில கீது. மழைன்னு எழுதுனா, அஞ்சம்மாவ காப்பாத்தறதுக்கு மழைன்னு எழுதிக்கிறாங்கன்னுவான். யாரு பண்ணாங்களோ அவங்க பேர எழுதி எடுத்துக்கினு போ. அதுக்கப்புறம் மன்னாப்பு கேளு."

கட்டையை எடுத்தார். இன்னும் பன்னிரண்டு மூட்டை பாக்கி.

24.9.2008, புதன்

பிஸ்கட் கம்பெனிக்கு நேரில் போனேன். ரெட்ஹில்ஸ் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், உட்கார இடம் இருந்தும். உட்கார்ந்தால் திரும்பிவிடுவேனோ என்று பயம்.

தரம் பார்க்கிற அதிகாரி ஜோசப். என்னைவிடப் பத்து வயது சிறியவர். புது அறிக்கையைப் படித்தார். காரணம்: அளவுக்கு மீறிய நைஸ், சூட்டோடு கட்டியது. பொறுப்பு: சஹாபுதீன்.

"யாருங்க இந்த சஹாபுதீன்?"

"நான்தான் சார்."

ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அந்த அம்மா?"

"அவங்க எறும்புக்குத்தான் சார் தண்ணி வச்சாங்க. நான்தான் அத என் தப்ப மூடிக்க வச்சுக்கிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. நடவடிக்கை என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். அவரே எழுதினார்: 'இவர் சரிபார்த்த லோடு இனி வேண்டாம். வேறு தகுதியான நபரை நியமிக்கவும்.' ஆனால் பழைய சல்லடையில் அரைத்து, ஆறவைத்து அனுப்பினால் வாங்கிக்கொள்கிறோம் என்றார். பழைய அறிக்கையை என் கண் எதிரிலேயே கிழித்தார். கிழிந்த துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து அஞ்சம்மாளிடம் கொடுத்தேன். வாங்கிப் புடவை முந்தியில் முடிந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

26.9.2008, வெள்ளி

தகுதியான நபரைத் தேட முதலாளி ஒரு பரீட்சை வைத்தார். நான்கு தட்டில் நான்கு பொடி, ஒன்றில் மட்டும் கொஞ்சம் குருணை கலந்திருந்தது. ஆபீஸ் ஆட்கள், குணா, அஞ்சம்மாள் எல்லோரும் ருசி பார்த்தார்கள். அஞ்சம்மாள் மூன்றாவது தட்டைத் தள்ளிவைக்க இரண்டு நொடிகூட ஆகவில்லை. மற்றவர்களெல்லாம் ஆளுக்கொரு தட்டைக் காட்டினார்கள். நான் நோன்பு, வேடிக்கை பார்த்தேன். நல்லவேளை.

இனி தரம் பார்ப்பது அஞ்சம்மாள். என்னை ரிஜிஸ்டர் எழுத வைத்துக்கொண்டார்கள்.

2.10.2008

பெருநாள். மில்லில் எல்லோருக்கும் என்று ஜபீன் பிரியாணி கட்டிக்கொடுத்தாள். நாளை கொடுக்க வேண்டும். அஞ்சம்மாள் சாப்பிடுவாரா?

3.10.2008

சாப்பிட்டார். கையலம்பினார். போய்விட்டார். குணாவிடம் மட்டும், "உப்பு சரியாக் கீது" என்றாராம்.

13.10.2008, திங்கள்

மழை. இருந்தும் இன்றைய முதல் லோடு சரியாக ஒன்பதரைக்குத் தயார். உள்ளே பொடி சுவரில் ஒட்டாமல் சரசரவென்று இறங்குகிறது. ஆறவைக்கத் தனிப் பலகை போட்டிருக்கிறோம், அதன் காலுக்கும் பெயின்ட் மூடி.

அஞ்சம்மாள் ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். நானும் குணாவும் மூச்சு விடாமல் நின்றோம். "போவலாம்" என்று அவனிடம் சொன்னார்.

ரிஜிஸ்டரை விரித்து என் பேனாவை நீட்டினேன். இவ்வளவு நாள் பெருவிரல் ரேகைதான் வைத்துக்கொண்டிருந்தார். இன்று 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினார். மகள் சொல்லிக்கொடுத்ததாம். கட்டம் போதவில்லை, என் பெயர் இருக்க வேண்டிய அடுத்த கட்டத்திலும் பாதி போனது. பேனாவுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

இருபது நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"பேனா இங்கயே இருக்கட்டும் பாய். நாளைக்கும் வேணுமில்ல."

அதனால் இன்றைக்கு இதைப் பென்சிலால் எழுதுகிறேன்.